டிஸ்க் தேயாமல்

கயல்விழி: ...அப்ப படம் எறங்கும்போது டிஸ்க் சும்மா சுத்திக்கிட்டு இருக்காதா மாமா?

செம்பியன்: மொதல்ல காபி குடு. கடலூர்லேருந்து சிதம்பரம் வரைக்கும் பஸ்ஸுல நின்னுக்கிட்டே வந்தேன்.

கயல்விழி: இந்தாங்க. சொல்லுங்க.

செம்பியன்: டோரண்ட்டுல படம் வரிசையா வராது கயல். வேற வேற ஆளுங்க கம்ப்யூட்டர்லேருந்து துண்டு துண்டா வரும். நடுவுல ஒண்ணு, கடைசில ஒண்ணு, மறுபடி மொதல்ல ஒண்ணு... உள்ள இருக்கற ஊசி ஓடி ஓடி எழுதணும்.

கயல்விழி: அதான் கறக் கறக்குன்னு...

செம்பியன்: அதான். ஆமா, டோரண்ட்டுன்னாலே திருட்டுன்னு ஒரு வாரம் என்கிட்ட பேசாம இருந்தவ நீ. இன்னிக்கி என்ன?

கயல்விழி: சும்மாதான். அந்த ஓட்டத்த எப்படிக் கொறைக்கறது?

செம்பியன்: கேஷ்னு ஒரு செட்டிங் இருக்கு. அத ஜாஸ்தி பண்ணி வச்சா துண்டெல்லாம் மொதல்ல மெமரில சேரும். அப்பறம் மொத்தமா எழுதிக்கும்.

கயல்விழி: கடைக்குப் பத்து தடவ நடக்காம, ஒரே பையில வாங்கிட்டு வர்ற மாதிரி.

செம்பியன்: அதேதான். அப்பறம், ஒரே நேரத்துல நாலு படம் போடக்கூடாது. எடத்தையும் முன்னாடியே ஒதுக்கிடணும். இல்லன்னா ஃபைலு செதறிப்போவும்.

கயல்விழி: சரி... நாம எறக்காம, நம்மகிட்டேருந்து வேற ஒருத்தர் எடுத்தா?

செம்பியன்: அப்பவும் ஊசி ஓடும். எழுதறதுக்குப் பதிலா படிக்கும். எடுக்கறவங்க ஜாஸ்தியானா ஓட்டமும் ஜாஸ்தி.

கயல்விழி: ரெண்டு பேர்தான்.

செம்பியன்: ...என்னது?

கயல்விழி: பரங்கிப்பேட்டை சேத்துல மூணு வருஷமா நான் எடுத்த நண்டு படம், அளவு எல்லாம் அந்த டிஸ்க்லதான் இருக்கு. நாப்பது ஜிபி. பிரேசில்ல ஒருத்தர் இதே நண்டுலதான் ஆராய்ச்சி பண்றாரு. மெயில்ல கேட்டாரு... டோரண்ட்டா போட்டுட்டேன்.

செம்பியன்: நீயி?

கயல்விழி: நானேதான். இப்ப டிஸ்க் கெட்டுக்கிட்டே வருது மாமா. செக் பண்ணிப் பாத்தேன். படம் இருக்கற எடம் மட்டும் இன்னும் தப்பிச்சிருக்கு. டிவிடில போடலாம்னா ரைட்டரு வேல செய்யல.

செம்பியன்: என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல.

கயல்விழி: எந்த மூஞ்ச வச்சிக்கிட்டு? உங்ககிட்ட அவ்ளோ சண்ட போட்டுட்டு...

செம்பியன்: அதுக்காக உன் தீசிஸ்ஸ பிரேசில்காரன நம்பி விட்டுட்டு உக்காந்திருக்கியா?

கயல்விழி: அவருக்கு எண்பத்தி நாலு பர்சென்ட் போயிருக்கு. முழுசா போயிட்டா, டிஸ்க் செத்தாலும் அவருகிட்டேருந்து திரும்ப வாங்கிக்கலாம். ஆனா இன்னொருத்தரு யாருன்னே தெரியல. பேரு இல்ல, மெயிலு இல்ல. இந்தியான்னு மட்டும் காட்டுது. அவருக்கு நேத்தே நூறு ஆயிடுச்சி. அவ்ளோ நண்ட வச்சிக்கிட்டு அந்த ஆளு என்ன பண்ணுவாரு?

செம்பியன்: ஒண்ணும் பண்ணமாட்டான். என் ஆபீஸுக்குப் பக்கத்துல, ஃப்ரெண்டு சார்லஸோட பிரவுசிங் சென்டர்ல பத்திரமா வச்சிருக்கான். டிஸ்க் சத்தம் மாறுனப்பவே உன் டோரண்ட் ஃபைல மட்டும் பென் டிரைவ்ல எடுத்துட்டுப் போயி, நான்தான் அங்க எறக்கப் போட்டேன் கயல்... நீயா சொல்லுவேன்னுதான் இத்தன நாளா பாத்துக்கிட்டு இருந்தேன்.