இல்லாத டியூசன்

— அழிக்கவே முடியாதாண்ணே?

— முடியாது நாகஜோதி. ரெண்டு வருசத்து வருமான வரிக் கணக்கும் தாக்கலாகி முடிஞ்சு போச்சு. இனிமே அதைக் கூட்டிக் காட்டலாம். குறைச்சுக் காட்ட வழி இல்ல.

— நான் ஒரு பிள்ளைக்குக்கூட டியூசன் எடுத்ததில்லையே. பள்ளிக்கூடம் விட்டு, பசுமலையில பஸ் பிடிச்சு வீடு வந்து சேரவே இருட்டிருது.

— எனக்குத் தெரியாதா? நான்தான டைப் அடிச்சேன்.

— எதுக்குண்ணே அடிச்சீக?

— அந்தா, அந்தச் சேர்லதான் உம் புருசன் வீரணன் உக்காந்திருந்தான். "மாப்ள, இவ வாத்தியார் சம்பளத்த மட்டும் காட்டுனா வீட்டு லோன் தர மாட்டாய்ங்க, டியூசன்லயும் வருதுன்னு போடு"ன்னான். லோனுக்கு ஊரே இப்படித்தான் போடுது தங்கச்சி. நீயும் பக்கத்துல உக்காந்து, கணக்க உறுதி பண்ண போன்ல வந்த ஓடிபி நம்பரச் சிரிச்சுக்கிட்டே சொன்ன.

— சொந்த வீடு வருதுன்னு சிரிச்சேன். சம்பாதிக்காத காசுக்கு வரியும் கட்டுனேன். இப்ப திருநகர் வீட்டுல அவரு மட்டும் கால நீட்டிப் படுத்திருக்காரு. நானும் எம் மக சுபாவும் ஒத்த ரூம்புல கிடக்கோம்.

— ஜீவனாம்சக் கேசு என்னாச்சு?

— அதுக்குத்தான வந்தேன். பிள்ள படிப்புச் செலவுக்காச்சும் குடுக்கச் சொல்லுங்கன்னு கேட்டேன். அவரு வக்கீலு நீங்க அடிச்ச கணக்கத் தூக்கிக் காட்டுறாரு. டியூசன்ல அம்புட்டு வருது, இந்தம்மாவுக்கு எதுக்குப் பணம்ங்கிறாரு.

— வீரணனா? அவன் சொல்லித்தான அடிச்சேன்!

— அத வந்து கோர்ட்டுல சொல்லுங்கண்ணே.

— சொன்னா நான் கடையச் சாத்திட்டுப் போக வேண்டியதுதான். நீயும் தப்பிக்க முடியாது. பொய்க் கணக்கு உம் பேர்ல இருக்கு.

— அவரு பேர்ல?

— வீடு இருக்கு.

— நல்லா கணக்குப் பாத்தீகண்ணே ரெண்டு பேரும்.

— திட்டு, வாங்கிக்கிறேன். ஒண்ணு வேணா செய்வோம். இந்த வருசத்துக்குச் சம்பளத்த மட்டும் காட்டுவோம். டியூசன் நின்னு போச்சுன்னு கோர்ட்டுல சொல்லிக்க. ஜட்ஜு மனசு வச்சா ஏதோ கொஞ்சம் கிடைக்கும்.

— அப்படிச் செய்யத்தான் கிளம்பி வந்தேன். இருங்கண்ணே, எங்க வக்கீலம்மா மெசேஜ் போட்டிருக்காக. அவரு புதுசா ஒரு மனு போட்டிருக்காராம்.

— என்னன்னு?

— பிள்ளைய அவருகிட்ட விட்டுறணுமாம். அந்த டியூசன் இப்ப இல்லையாம், வாத்தியார் சம்பளத்துல என்னால சோறு போட முடியாதாம்.

— அடப்பாவி! அன்னைக்கு வசதிக்காரி, இன்னைக்குப் பிச்சைக்காரியா?

— அவரு குரல் கேட்டாலே கட்டிலுக்கு அடியில போயிப் படுத்துக்கிறா சுபா. ஆறு வயசுப் பிள்ள. கோர்ட்டுல அதையா கேப்பாக? என்ன வருமானம்னுதான் கேப்பாகளாம்.

— சரி, நான் என்னத்தப் போட? டியூசன எடுத்துரவா?

— எடுக்காதீகண்ணே. வரி எம்புட்டு வந்தாலும் கட்டுறேன். இன்னும் பத்துப் பிள்ளைக கூடச் சேந்திருக்காகன்னு போடுங்க.