பிரெஞ்சு ஆசிரியை நிருபமா, பிரெஞ்சு வேண்டாம் என்று சொன்ன நாள்

மேடையில் வீற்றிருக்கும் எங்கள் பள்ளி முதல்வர் சீனிவாசராகவன் அவர்களே, நிருபமாவை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அவர் கணவர் ஆராவமுதன் அவர்களே, மகள் ஷ்ரேயா, சக ஆசிரியர்களே, பெற்றோர்களே, மாணவச் செல்வங்களே! மல்லேஸ்வரத்தின் இந்தச் சின்ன மண்டபம் நிறைந்து, வாசலிலும் நிற்கிறீர்கள். எல்லோருக்கும் என் வணக்கம்.

நான் அலர்மேல்மங்கை. ஜெர்மன் ஆசிரியை. பிரெஞ்சு ஆசிரியை நிருபமா அவர்களின் பக்கத்து மேஜைக்காரி.

என்ன பேசுவது? செய்தி வந்த மறுநாள் காலை நான் வகுப்புக்குப் போனேன். பாடம் நடத்தினேன். பிள்ளைகள் அழுதார்கள், நான் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். இன்னமும் அப்படித்தான் இருக்கிறது. ஆகவே நடந்ததைச் சொல்கிறேன். அது ஒன்றுதான் எனக்கு இப்போது முடிகிறது.

ஆறாம் வகுப்புக்கு வரும் பிள்ளை ஓர் அயல்மொழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிரெஞ்சா, ஜெர்மனா? உங்களில் எத்தனை பேர் அந்தக் கேள்வியோடு எங்கள் அறைக்கு வந்திருப்பீர்கள்! எதில் மார்க் வரும், எதில் விசா வரும், பக்கத்து ஃபிளாட் பையன் எதை எடுத்தான்! எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு நிருபமா பிள்ளையின் பக்கம் திரும்புவார். "நீ சொல்லு கண்ணா."

மூன்று வருஷத்துக்கு முன்பு உத்தமன் என்பவர் மகள் தர்ஷினியோடு வந்தார். ஹெப்பகோடியில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் ஓட்டுபவர். பெண்ணின் படிப்புக்காகவே எங்கள் பள்ளிப் பக்கம் வீடு மாறி வந்தவர்.

"பிரெஞ்சே போட்டுக்குங்க மேடம். அதுலதான் மார்க் கொட்டுதுன்றாங்க" என்றார்.

"நீ சொல்லு கண்ணா."

"ஜெர்மன் வேணும் மிஸ். அப்பா ஓட்டுற மெஷின் ஜெர்மனி மெஷின். கோளாறுன்னா செவப்பா எழுத்து வருமாம். என்ன எழுதியிருக்குன்னு அப்பாவுக்குத் தெரியாது. யாரையாச்சும் கூப்பிட ஓடணும்."

உத்தமன் தலையைக் குனிந்துகொண்டார். "சும்மா இரும்மா."

நிருபமா பேனாவை எடுத்தார், மறுபடி கீழே வைத்தார். ஏன் தெரியுமா? பிரெஞ்சு வகுப்பு நடக்க அந்த வருஷம் இன்னும் ஒரே ஒரு பிள்ளை தேவைப்பட்டது. அன்றுதான் கடைசி நாள். அது அவருக்கும் தெரியும், பக்கத்தில் இருந்த எனக்கும் தெரியும்.

"அப்போ ஜெர்மன்தான். பிரெஞ்சு வேண்டாம்" என்று என் பக்கம் கை காட்டினார்.

ஆறாம் வகுப்பு பிரெஞ்சு நின்றது. நிருபமா அரை நாள் ஆசிரியையானார். மத்தியானத்தில், ஊர் எல்லையைத் தாண்டி அத்திபெலேயில் இருக்கும் வேறொரு பள்ளிக்குப் பஸ் ஏறினார். நான் கேட்டேன்: "ஒரே ஒரு பொண்ணு நிருபமா. கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருந்தா அவங்க அப்பா சரின்னிருப்பாரே?"

"அந்தப் பொண்ணு என் வேலையைக் காப்பாத்தறதுக்கா ஸ்கூலுக்கு வருது, மங்கை?" என்றார். கோபமில்லை. டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே சொன்னார்.

தர்ஷினி முதல் பரீட்சையில் தட்டுத்தடுமாறித்தான் தேறினாள். உத்தமன் வந்து வருத்தப்பட்டார்: "அன்னிக்கே பிரெஞ்சு போட்டிருக்கலாம் மேடம்." நிருபமா சொன்னார்: "அவ கேட்டது அது இல்லீங்களே. இன்னும் கொஞ்ச நாள் பாருங்க."

இரண்டாம் வருஷம் ஒரு மத்தியானம் தர்ஷினி ஆசிரியர் அறைக்குள் ஓடி வந்தாள். மெஷினில் வந்த சிவப்பு எழுத்தை அப்பா செல்போனில் படமெடுத்து வந்தாராம், அதை அவளே படித்துவிட்டாளாம். "'கதவு சரியா மூடல'ன்னு போட்டிருக்கு மிஸ்! இவ்ளோதான்! இதுக்கா அப்பா இத்தனை வருஷம் பயந்துட்டிருந்தாரு?" நிருபமா சிரித்த சிரிப்பு இருக்கிறதே! கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு அத்திபெலே பஸ்ஸைப் பிடிக்கப் போனார். புகார் சொல்லி நான் கேட்டதில்லை. ஒரு நாளும் கேட்டதில்லை!

போன வாரம் அந்தப் பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் அவர் இதயம் நின்றது. அசதியில் தூங்குகிறார் என்றே பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்தார்களாம். அலைச்சல்தான் காரணமா என்று டாக்டரிடம் கேட்டேன். அப்படிச் சொல்ல முடியாது என்றார். சரி என்றேன்.

உத்தமன் இன்று ஷிப்டை விட்டுவிட்டு வந்திருக்கிறார். தர்ஷினி அவர் பக்கத்தில் இருக்கிறாள். இன்றைக்கும் அவள் மார்க் சுமார்தான். ஜெர்மனை விடவில்லை.

முதல்வர் அவர்களே, சபை அறியக் கேட்கிறேன். வரும் ஜூனில் ஒரே ஒரு பிள்ளை பிரெஞ்சு கேட்டு வந்தாலும் அந்த வகுப்பு நடக்குமா? நம் பள்ளியில் நடக்குமா?

தலையசைக்கிறீர்கள். நன்றி ஐயா. எல்லோரும் பார்த்துக்கொண்டோம்.

நிருபமா அவர்களே, உங்கள் வேலை நிற்காது, நிற்க விடமாட்டோம். நாளை மறுநாள் புதிய பெற்றோர்கள் வருகிறார்கள். உங்கள் நாற்காலியில் நான் உட்காருவேன். பிள்ளையிடம் கேட்பேன். பிள்ளை பிரெஞ்சு என்று சொன்னால், ஜெர்மன் ஆசிரியையான நான், பிரெஞ்சு என்றே எழுதுவேன்.