சாவு வீட்டு டெபாசிட்

இந்த மின்விசிறியில் பேரிங் தேய்ந்திருக்கிறது, சார். ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் அந்தக் கிறீச் போய்விடும். வேண்டுமானால் நானே செய்து தருகிறேன். சத்தம் போடுகிற எதையும் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியாது. தொழில் அப்படி.

ஆக்ஸிஜன் மிஷின் வாடகைக்கு விடுகிற கடையில் வேலை. நோயாளி வீட்டுக்குக் கொண்டுபோய் மாட்டிக் கொடுப்பேன். வேலை முடிந்ததும் போய் எடுத்து வருவேன். வேலை முடிந்தது என்றால் பெரும்பாலும் ஆள் முடிந்தது. அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

என் சட்டைப் பையிலிருந்து நீங்கள் எடுத்து மேஜைமேல் வைத்திருக்கும் அந்தக் கைக்குட்டை முடிச்சை இப்போது பிரிக்க வேண்டாம். கடைசியில் நானே சொல்கிறேன்.

ஒரு காலத்தில் எனக்கே கடை இருந்தது. ஊரெல்லாம் மூச்சுக்குத் தவித்த வருஷம், கடன் வாங்கி மிஷின்களாக வாங்கிப் போட்டேன். அவை வந்து இறங்குவதற்குள் ஊருக்கு மூச்சு திரும்பிவிட்டது. எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள். நான் வட்டி கட்டிக்கொண்டிருந்தேன். கடை போனது, கட்டிய மனைவி பிறந்த வீட்டுக்குப் போனாள், கடன் மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. கடைசியில், எனக்குப் போட்டியாக இருந்தவரிடமே வேலைக்குச் சேர்ந்தேன். அவரைத்தான் முதலாளி என்கிறேன். தங்கமான மனுஷர்.

நான் தங்கியது அக்காவோடு. டெலிபோன் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், கல்யாணம் செய்துகொள்ளாதவள். நுரையீரல் சுருங்கிக்கொண்டே வந்து, கடைசி வருஷம் மிஷின் இல்லாமல் இருக்க முடியாத நிலை. எங்கள் கடை மிஷின்தான். வேலைக்காரன் வீடு என்பதால் வாடகை வேண்டாம் என்றார் முதலாளி. டெபாசிட் மட்டும் கட்ட வேண்டும். அக்கா தன் சேமிப்பைத் துடைத்துக் கட்டினாள்.

"ஊர் முழுக்க லைன் போட்டுக் குடுத்தவ நான். இப்ப எனக்கு மூக்குல லைன் போட்டிருக்கான் என் தம்பி" என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிச் சிரிப்பாள். சிரித்து முடிக்க மூச்சு போதாது. பாதிச் சிரிப்பைக் கண்ணால் முடிப்பாள்.

திவால் மனு போடுங்கள் என்று வக்கீல்தான் சொன்னார். கோர்ட் ஏற்றுக்கொண்டால் கடன்காரர்கள் வாசலுக்கு வர முடியாது. நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: செலவு எவ்வளவு? அவர் சொன்ன தொகையைக் கேட்டுச் சிரித்துவிட்டேன். அவருடைய குமாஸ்தாவும் சிரித்துக்கொண்டே சொன்னார்:

"கையில காசில்லன்னு கோர்ட்ல சொல்றதுக்கும் காசு வேணும்ணே. சும்மா வந்து நின்னா ஏழைன்னு யாரு நம்புவாங்க?"

நல்ல மனுஷர்தான் வக்கீலும். ஆனால் கறார். முழுப் பணமும் வந்த பிறகுதான் மனுவில் கை வைப்பார்.

நான் மனு போட்ட நாள்தான் கடைசி, அன்றைக்கு விட்டால் கோர்ட்டுக்கு நீண்ட விடுமுறை. கதவு மறுபடி திறப்பதற்குள் பைனான்ஸ்காரர்கள் என்னை உள்ளே தள்ள உத்தரவு வாங்கிவிடுவார்கள். என்னை உள்ளே தள்ளினால் அக்காவுக்கு யார் சோறு பொங்கிப் போடுவது? நான் நினைத்ததெல்லாம் அவளைத்தான், சார். அதை மட்டும் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள்.

முதலாளியிடம் ஏற்கெனவே சம்பளத்துக்கு மேல் முன்பணம் வாங்கியிருந்தேன். மறுபடி கேட்க வாய் வரவில்லை. ஆனால் டெபாசிட் கடன் இல்லையே. மிஷினைக் கொடுத்தால் திரும்ப வருகிற பணம்.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. மிஷின் திரும்பி வந்தால், சோதித்துப் பார்த்து, டெபாசிட்டைத் திருப்பித் தர ஒன்றிரண்டு வாரம் ஆகும். சாவு வீடு என்றால் மட்டும் உடனே, கையில் ரொக்கமாக. "சாவு வீட்டுக்காரங்களக் காசுக்கு அலைய விடக் கூடாதுப்பா" என்பார் முதலாளி. அதோடு, சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு அவரே பூவோடு அந்த வீட்டுக்குப் போவார். ஒரு வீட்டைக்கூட விட்டதில்லை. எத்தனையோ வீடுகளுக்குப் பூவைத் தூக்கிக்கொண்டு நானும் பின்னால் போயிருக்கிறேன்.

காலையில் மிஷினை நிறுத்தினேன். வீட்டில் அவசரத்துக்கென்று ஒரு சின்ன சிலிண்டர் இருந்தது. குழாயை அதில் மாட்டினேன்.

"என்னடா, சத்தம் நின்னுடுச்சு?" என்றாள் அக்கா.

"சர்வீஸுக்கு எடுத்துட்டுப் போறேன்க்கா. ஃபில்டர் மாத்தணும்."

"சரி, சரி. நீ சாப்பிட்டுட்டுப் போ. வெறும் வயித்தோட அதத் தூக்காத, கனம்."

சாப்பிட்டேன். அவள் சொல்லி நான் தட்டியதில்லை.

கடையில் மிஷினை இறக்கி வைத்தேன். முதலாளி நிமிர்ந்து பார்த்தார். "அக்கா போயிட்டாங்க" என்றேன். சொன்னதும் எனக்கு அழுகை வந்துவிட்டது, சார். நடிப்பு இல்லை. நிஜமான அழுகை. அவர் என்னைக் கட்டிக்கொண்டார். டெபாசிட்டை எடுத்து என் கையில் வைத்து, "போப்பா, ஆகவேண்டியதப் பாரு. சாயங்காலம் வரேன்" என்றார்.

ஆகவேண்டியதைத்தான் பார்த்தேன். மனு போட்டேன். கோர்ட்டுக்குள் போனை ஊமையாக்கி வைக்கச் சொல்லி எழுதிப் போட்டிருக்கிறார்கள். ஊமையாக்கி வைத்தேன். விதியை மீறுகிறவன் இல்லை நான். வெளியே வந்து பார்த்தபோது அக்காவிடமிருந்து நிறைய அழைப்புகள். திருப்பிக் கூப்பிடலாமா என்று யோசித்தேன். பேசினால் அவளுக்கு மூச்சு வாங்கும். அதனால் கூப்பிடவில்லை.

சிலிண்டர் சாயங்காலம் வரை தாங்கும் என்று முதலில் உங்கள் ஏட்டிடம் சொல்லியிருந்தேன். அதைத் திருத்திக்கொள்ளுங்கள். மாட்டும்போதே சிலிண்டர் மீட்டரின் முள் சிவப்புக்கு வந்திருந்தது, தீரப்போகிறது என்று அர்த்தம். முள்ளைப் பார்க்காமல் நான் எதையும் மாட்டுவதில்லை. பழக்கம்.

வீட்டுக்குப் போனபோது அக்காவுக்கு உயிர் இருந்தது.

இதை நான் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. நீங்கள் மரியாதையாக நடத்துகிறீர்கள், சொல்கிறேன். தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உதடு நீலம் பூத்திருந்தது. என்னைப் பார்த்ததும் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது, சார். வேறு யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

"மிஷின்... வந்துடுச்சா?"

"வந்துட்டே இருக்குக்கா."

ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். கூப்பிட்டிருக்கலாம். நம்பர் மனப்பாடம். கடையும் பக்கத்துத் தெருதான், ஓடிப் போயிருந்தால் மிஷினே வந்திருக்கும். ஆனால் கொஞ்சம் என் இடத்தில் இருந்து பாருங்கள். காலையில் செத்தவளுக்குச் சாயங்காலம் ஆம்புலன்ஸ் வந்தால் முதலாளி என்னைப் பற்றி என்ன நினைப்பார்? அத்தனை நல்ல மனுஷர் முன்னால் பொய்யனாக நிற்க என்னால் முடியாது. அவர் பூவோடு வருகிற நேரமும் நெருங்கிக்கொண்டிருந்தது.

பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். மனு நகலைக் காட்டினேன். முத்திரையைத் தடவிப் பார்த்தாள். "இனிமே... உன்னை யாரும்..." என்று ஆரம்பித்தாள். முடிக்கவில்லை. முன்பெல்லாம் கண்ணால் முடிப்பாள். அன்றைக்குக் கண்ணும் முடிக்கவில்லை.

முதலாளி வந்தார். பூவை வைத்தார். வழக்கம்போல் காலைத் தொட்டுக் கும்பிட்டார். தொட்ட கையை எடுக்காமல் அப்படியே நின்றார். எத்தனை சாவு வீடு பார்த்தவர்.

"காலையில போனவங்க கால் இப்பவும் சூடா இருக்கேப்பா" என்றார்.

அவர் வெளியே போய் உங்களுக்குப் போன் செய்தார். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. செய்ய வேண்டியதைச் செய்தார்.

இப்போது அந்த முடிச்சைப் பிரியுங்கள்.

அக்காவின் வளையல்கள். முந்தின நாள் அவளே கழற்றி என் சட்டைப் பையில் திணித்தாள். "இத வித்து மனுவப் போட்டுடுடா. படுத்தே கிடக்கிறவளுக்கு எதுக்கு வளையல்?" என்றாள். வக்கீல் கேட்ட பணத்துக்கு அது தாராளமாகக் காணும். நகைக்கடை கோர்ட்டுக்கு எதிரேதான். அன்றைக்கே போய்ப் படியேறி, கண்ணாடிக் கதவில் கைகூட வைத்தேன். மனசு வரவில்லை, சார். அக்கா நகையை விற்றுத் தின்றவன் என்று நாளைக்கு ஒருத்தர் என்னைப் பார்த்துச் சொல்லிவிடக் கூடாது.

வேண்டுமானால் எடை போட்டுப் பாருங்கள். அவளுடையதில் ஒரு குன்றிமணிகூட நான் எடுத்துக்கொள்ளவில்லை.