நுண்குழாய் நுனியில் ஒரு டிகிரி

அவைத் தலைவர் கங்காதரன் அவர்களே, மலைக்கோயில் படி இறங்கிய களைப்போடு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, அரக்கோணம் ரயிலுக்கு இன்னும் நேரமிருக்கிறது என்று கடைசி வரிசையில் காத்திருக்கும் பெரியவர்களே, உங்கள் எல்லோரையும் வணங்குகிறேன்.

ஓர் உயிரணுவுக்குக் காய்ச்சலா என்று எப்படிப் பார்ப்பது? நெற்றியில்லாத அதற்கு எங்கே கை வைப்பது? நம் ஊரில் மோட்டாருக்குக் காயில், அதாவது செம்புக் கம்பிச் சுருள், கட்டும் அதாவுல்லாவின் மகள் ஹுமேரா, சென்னை ஆய்வுக்கூடத்தில் நான்கு ஆண்டுகளாகக் காணும் கனவு இது. முடியைவிட மெல்லிய நுனியுள்ள கண்ணாடிக் குழாய், அதனுள் உப்புநீர், அதன் வழியே சிறிது மின்சாரம். நுனியை உயிரணுவுக்குள் நுழைத்தால், சூடு ஏற ஏற மின்தடை இறங்கும். தடையை அளந்தால் சூடு தெரியும்.

சுற்றியுள்ள நீரைவிட உயிரணு ஒரு டிகிரி சூடு என்று கண்டார். நிருபரான நான் அதைச் செய்தியாக எழுதினேன். நீங்கள் அவருக்குப் பாராட்டு விழா என்று மாலைக்குச் சொல்லிவைத்தீர்கள். அவருடைய முனைவர் பட்டமும் அந்த ஒரு டிகிரியை நம்பித்தான் இருந்தது.

போன மாதம் ஊருக்கு வந்தவர், தந்தையின் பட்டறையில் ஒரு காயிலைத் தொடப் போனார்.

"கை வெக்காதம்மா. இப்பதான் கரண்ட் வுட்டு டெஸ்ட் பண்ணேன், சுட்டுகினு இருக்கு."

தொட நீட்டிய கை அப்படியே நின்றது. வெறும் நீரில் அளந்தபோது மின்சாரத்தைக் குறைவாக வைத்தவர், உயிரணுவுக்குள் அளவு தெளிவாகத் தெரியட்டும் என்று கூட்டியிருந்தார். சென்னைக்குத் திரும்பி மின்சாரத்தைப் பாதியாக்கினார்; ஒரு டிகிரி கால் டிகிரியானது. இன்னும் குறைத்தார்; வேறுபாடே மறைந்தது.

எனக்குப் போன் வந்தது. "சார், விழாவ நிறுத்திடுங்க. அந்தச் சூடு செல்லோடது இல்ல, நான் அனுப்பின கரண்டோடது. கைடுகிட்டயும் சொல்லிட்டேன். பட்டம் ஒரு வருஷம் தள்ளிப்போவும்."

"அப்ப மாலை யாருக்கு சார்?" ஆங், நடு வரிசையிலிருந்து சிங்காரம் கேட்கிறார். உட்காருங்க, அதற்குத்தான் வருகிறேன்.

முப்பது ஆண்டுகளாகக் கேள்வி கேட்டுப் பிழைப்பவன் நான். என் கேள்வியால் கொதித்தவர்கள் எத்தனை பேர்? அந்தக் கொதிப்பையே அவர்கள் குணம் என்று எழுதிய நாட்கள் எத்தனை? எவரும் காணாத பிழையைத் தானே கண்டு, தானே சொல்லி, தன் பட்டத்தைத் தானே தள்ளிவைத்தவருக்கு இல்லாத மாலை வேறு யாருக்கு?

இந்நேரம் ஹுமேரா, இருப்பதிலேயே குறைந்த மின்சாரத்தோடு, இன்னோர் உயிரணுவின் அருகே அமர்ந்திருப்பார். தூங்கும் குழந்தையை எழுப்பாமல் நெற்றியைத் தொடுவதுபோல் அதைத் தொட வேண்டும். அது என்ன சொல்லுமோ, அவருக்கும் தெரியாது.

அதாவுல்லா பாய், மேடைக்கு வாங்க. மகளுக்கான மாலையை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். பொறுமையாகக் கேட்ட உங்கள் அனைவருக்கும் என் நன்றி. ரயிலுக்குப் போகிறவர்கள் பார்த்துப் போங்கள். வணக்கம்.