மெய்வேகம் உரைத்த மாரித் தோர்ஸ்விக் அவர்களுக்கு

வடகடல் வாடைக்கும் வளையாத வாய்மையே! ஸ்கார்வோய் தீவின் விமானப் பட்டறையில் முப்பத்தோராண்டு வேகங்காட்டி முள்ளின் பொய்யை முறித்த முதுபெரும் கருவியாளரே! எங்கள் மாரித் அக்காவே! வணக்கம்.

வேகம் என்பது ஒன்றே என்றிருந்த எங்களுக்கு, முள் காட்டும் வேகம் வேறு, கருவிப்பிழை களைந்த வேகம் வேறு, உயரத்தில் மெலிந்த காற்றையும் கணக்கிட்டுக் கண்ட மெய்வேகம் வேறு, எதிர்க்காற்று தின்றது போகத் தரைமேல் எஞ்சும் வேகம் வேறு என வகுத்துரைத்த வித்தகியே! "முள்ளு சொல்றதைக் கேளு, அப்படியே நம்பித் தொலையாதே" என்று தாங்கள் எங்களைத் திட்டாத நாளும் உண்டோ!

இனி வருவதைப் பணிநிறைவு வாழ்த்து மடலில் எழுதலாகாது என்றனர் சிலர். எழுதாவிட்டால் இது மடலே அன்று.

பதினோராண்டுக்கு முன், ஓர் அக்டோபர் காலையில், ஓட்வார் ஹெல்லன் ஓட்டிய அஞ்சல் விமானம் மேகத்துள் ஏறியது, கடலில் வீழ்ந்தது. விமானத்தைக் கழுவுமுன் அதன் விலாவில் காற்றழுத்தம் அறியும் சிறு துளைகள்மேல் ஒட்டிய நாடா, கழுவிய பின் உரிக்கப்படவில்லை. துளைகள் அடைபட்டதால், ஏற ஏற முள் வேகத்தைக் குறைத்தே காட்டிற்று. உயரங்காட்டியோ தரையை விட்டு அசையவில்லை. வேகம் போதாதென்று நம்பி மூக்கைத் தாழ்த்தினார் ஓட்வார். மெய்வேகமோ மிகுந்திருந்தது. விமானியின் தவறென்று ஊர் ஒரே நாளில் தீர்ப்பெழுதிற்று.

நாடாவைப் பற்றி விசாரணையில் சொல்லத் தாங்கள் கிளம்பியபோது, "பேசாம இருங்கக்கா, செத்தவன் திரும்பியா வரப்போறான்?" என்றோம். ஆம், நாங்களேதாம்!

"அவன் பொண்டாட்டி குன்வோர் கடைகண்ணிக்குப் போக முடியாம கெடக்கா. வெக்கமா இல்லையாடா உங்களுக்கு?" என்றீர்கள். விசாரணையில் எழுந்து, "கடைசியா சோதிச்சவ நான். நாடாவைப் பார்க்கத் தவறிட்டேன்" என்றீர்கள். ஓட்வாரின் பெயர் கறை நீங்கிற்று. தங்கள் உரிமம் ஈராண்டு பறிபோயிற்று. அதன்பின் உணவறையில் தங்கள் எதிரே காப்பிக் கோப்பையோடு அமர எங்களில் ஒருவருக்கும் துணிவில்லை. ஐயோ, என்ன மனிதர்கள் நாங்கள்!

நாடாவை ஒட்டியது யாரென்று அன்று கேட்டார்கள். "அவங்களே எந்திரிச்சு சொல்லட்டும்" என்று அமர்ந்தீர்கள். எவரும் எழவில்லை.

நோயின்றி, நல்லுறக்கத்தோடு நெடுங்காலம் வாழ்வீராக! இம்மடலின் படி ஒன்று விசாரணை அலுவலகத்துக்கும், மற்றொன்று குன்வோர் அம்மையாருக்கும் இன்று காலையே அனுப்பப்பட்டன.

இங்ஙனம்,
நாடாவை ஒட்டி, உரிக்காமல் விட்ட
தூரே லாங்நெஸ், இங்வில் ஸ்டோர்மோ;
அறிந்தும் வாய்திறவாத பட்டறையினர் எழுவர்.