உள்ளே போன கேமரா

அறந்தாங்கியிலிருந்து புதுக்கோட்டைக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவர் மடியில் கருப்புக் கேமராப் பை.

"கடையில இருந்ததுலயே வெல கம்மியான கேமராவத்தான்டி கேட்டு வாங்குனேன்" என்று அவர் அத்தனை பெருமையாகச் சொன்னதும் என் காது அங்கே போய்விட்டது.

"ஏன்க்கா அப்புடி?"

"கேமரா பாடி பழைய மாடல் போதும்னுட்டேன். மிச்சக் காசுக்கு, வெளிச்சம் கம்மியா இருந்தாலும் எடுக்குற லென்ஸ் வாங்கிட்டேன். நம்ம ஸ்டுடியோக்காரரு பாத்துட்டு, இத வச்சு பாஸ்போர்ட் சைஸ்தான் எடுக்கலாம்னு சிரிச்சாரு."

"பெறகு?"

"போன வாரம் கட்டுமாவடில ஒரு நிக்காஹ். மாப்பிள்ளை வீட்டுல அவர, பொண்ணு வீட்டுல என்னையப் படம் எடுக்கச் சொல்லியிருந்தாங்க. பொம்பளைங்க பக்கம் ஆம்பளைங்க வரக் கூடாதுல்ல? அவரு அம்புட்டுப் பெரிய கேமராவோட வெளிய பிரியாணி அண்டாவ எடுத்துக்கிட்டு இருந்தாரு. நான் உள்ள பொண்ணுகிட்ட நின்னேன்."

"படம் நல்லா வந்துச்சாக்கா?"

"நேத்து அவரே போன் பண்ணாரு. 'தங்கச்சி, என் ஆல்பத்துல பொண்ணே இல்ல, நாலு படம் அனுப்பும்மா'ன்னாரு."

"அனுப்புனீங்களா?"

"பாஸ்போர்ட் சைஸ்ல போதுமாண்ணேன்னு கேட்டேன்."