சுவாதியின் சாயங்கால பஸ்

எனக்கு யாரையும் குறை சொல்லத் தெரியாது. பாராட்டத்தான் வரும். சுவாதிக்கும் அதைத்தான் செய்தேன்.

பெரம்பலூரில் எங்கள் அலுவலகத்துக்கு அவள் புதிதாக வந்தவள். வேப்பந்தட்டையிலிருந்து பஸ்ஸில் வருவாள். வீட்டில் பால்குடி மறக்காத குழந்தை. அதனால் மதியச் சோற்றை மேசையிலேயே அள்ளிப் போட்டுக்கொண்டு, அன்றைய கோப்புகளை அன்றைக்கே முடித்து, சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவாள்.

நான் இருட்டும்வரை இருப்பேன். வேலை அவ்வளவு என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் நம்பியிருந்தேன். என் அளவுக்கே கோப்புகள் வைத்திருந்த ஒருத்தி பொழுதோடு எழுந்துபோனதும் எல்லோரும் என் மேசையைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். என்னைப் பிடித்து வைத்திருந்தது வேலை இல்லை, பூட்டிக் கிடக்கும் என் வீடு என்று அப்போதுதான் தெரிந்தது. அதை அவள் எனக்குக் காட்டியிருக்க வேண்டாம்.

எங்கள் ஆபீஸில் ஒரு வழக்கம். வேலையை முடிப்பவருக்குத்தான் அடுத்த வேலை. முடிக்காதவரை யாரும் தொந்தரவு செய்வதில்லை.

கண்காணிப்பாளர் அன்பழகன் சாரிடம் ஒருநாள் சொன்னேன். "சுவாதி மாதிரி ஒரு பொண்ண நான் பாத்ததில்ல சார். தேங்கிக் கெடக்குற முதியோர் பென்ஷன் மனுவெல்லாம் அதுக்கிட்டக் குடுங்க. ஊதித் தள்ளிடும்."

"சித்ராம்மா வாயால ஒருத்தரச் சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றார்.

அடுத்து, பக்கத்து மேசைக் கண்ணையனின் முடியாத கோப்புகளையும் சாருக்கு நினைவூட்டினேன். கண்ணையனின் துண்டு நாற்காலியில் இருக்கும். அவர் டீக்கடையில் இருப்பார். பிறகு என்னுடையவையும் அவள் மேசைக்குப் போயின.

"அக்கா, பஸ்ஸு போயிடும்க்கா. புள்ள அழுவும்."

"உன்னால முடியும்னுதானடி குடுக்குறாங்க. எனக்கு யாரு குடுக்குறா?"

கண் கலங்கியபடியே சிரித்தாள். சிறந்த பணியாளர் சான்றிதழுக்கு அவள் பெயரைச் சொன்னதும் நான்தான், முதலில் கைதட்டியதும் நான்தான். அதே கையோடு இன்னொரு பிரிவையும் அவளிடம் ஒப்படைத்தார்கள்.

குழந்தை இப்போது பால் கேட்பதில்லையாம். அவள் மாமியாரைத்தான் அம்மா என்கிறதாம். சொல்லிவிட்டு டீயை ஆற்றி ஆற்றிக் குடித்தாள். கோப்புகளையும் இப்போது அப்படித்தான் புரட்டுகிறாள். நல்ல நிதானம் வந்துவிட்டது.

இருட்டிய பிறகு இருவரும் சேர்ந்தே பஸ் ஸ்டாண்டுவரை நடக்கிறோம். என் வீடு எதிர்ப்பக்கம். இருந்தாலும் போகிறேன். பாவம், அவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?